களவும் விடுமுறையும்

வங்கநாட்டுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவன் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் சொல் ஒன்று உண்டு. அது 'சுட்டி'. நம் ஊரில் சுட்டி என்றால் குறும்புக்காரப் பிள்ளை. இங்கே சுட்டி என்றால் விடுமுறை. இரண்டுக்கும் உறவில்லை என்று மொழிநூலார் சொல்லக்கூடும். மாணவர் மனம் அதற்கு ஒப்பாது.

வங்காளியர் விடுமுறையைக் கொண்டாடுவதில் வல்லவர்கள். துர்க்கை பூசை முடிந்ததும் பெட்டி படுக்கையோடு குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுவிடுவார்கள். போகும் இடமும் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: தீகா, பூரி, தார்ஜிலிங். மூன்றின் முதலெழுத்துகளையும் சேர்த்துத் 'தீபூதா' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். 'தா' என்பது அண்ணனைக் குறிக்கும் சொல்லாதலால், புதிதாக வந்தவனுக்கு யாரோ தீபு அண்ணனைப் பற்றிப் பேசுகிறார்கள் போலும் என்று தோன்றும்.

நம்மவர் நிலை வேறு. ஹவுராவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். அதற்கு அப்பாலும் தென்காசிப் பக்கம் போகவேண்டிய என்னைப் போன்றவனுக்குப் போக இரண்டு இரவு, வர இரண்டு இரவு ரயிலிலேயே கழிந்துவிடும். ஆகையால் பூசை விடுமுறையில் விடுதியிலேயே தங்கிவிடுவோர் பலர். சென்ற ஆண்டு அப்படித் தங்கவிருந்த என்னைத் தன் குடும்பத்தாருடன் பூரிக்கு அழைத்துச் சென்றான் என் வகுப்பு நண்பன்.

இக்கட்டுரை அந்த விடுமுறையில் மலர்ந்த ஒரு காதலைப் பற்றியது. காதலித்தவன் நான். என்னைக் காதலித்தவன் அந்த நண்பன். இதனைச் சுற்றி வளைத்துச் சொல்வதிலும் நேராகச் சொல்லிவிடுவது படிப்போர்க்கும் எனக்கும் நல்லது. தன்பாலீர்ப்பு என்ற தமிழ்ச்சொல் இன்று ஏடுகளில் வழங்குகிறது. இத்தகையோரை மதிப்புடன் குறிக்கும் சொற்களைத் தொகுத்துத் தமிழ்நாடு அரசே 2022ஆம் ஆண்டில் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. அரசிதழில் இடம்பெற்ற செய்தி மாணவர் இதழிலும் இடம்பெறலாம் அல்லவா?

தசமி கழிந்து மறுநாள் இரவு ரயில் ஏறினோம். நண்பனின் தந்தை, தாய், பாட்டி, நாங்கள் இருவர். தாயை 'மாசிமா' என்றும் தந்தையை 'மேசோமசாய்' என்றும் நான் அழைப்பது வழக்கம். சித்தி, சித்தப்பா என்பது போன்ற முறை அது. தசமியன்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வந்த ஆடவர் எல்லோரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். 'கோலாகுலி' என்பது அதன் பெயர். அன்று ஆணை ஆண் தழுவுவது மரபு, தழுவாவிட்டால்தான் குறை. நானும் தழுவப்பட்டேன். மேசோமசாயே முதலில் தழுவினார்.

பூரிக் கடலில் அலை பெரிது. குளிப்போரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லக் கூம்புத் தொப்பி அணிந்த மீனவர்கள் இருக்கிறார்கள், நூலியாக்கள் என்பார்கள். அவர்களுள் பலர் தெலுங்கு பேசுவோர். தென்னாட்டான் ஒருவனுக்குத் தெலுங்கு தெரியாமலா போகும் என்று மேசோமசாய் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த நான்கு தெலுங்குச் சொற்களையும் செலவிட்டேன். நூலியா சிரித்துவிட்டு வங்கமொழியிலேயே கூலி பேசினார்.

நான்காம் நாள் கோணார்க்கின் சூரியன் கோயிலைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்பினோம். வழியெங்கும் சவுக்குத் தோப்பு. பாட்டி முன்னிருக்கையில் உறங்கிவிட்டார். நண்பன் என் கையைப் பற்றினான். ஓராண்டுக் காலம் ஒரே ஆய்வுக்கூட மேசையில் நின்று இருவரும் சொல்லாமல் வைத்திருந்ததை அந்தக் கை சொல்லிற்று. பிறகு நான்கு நாள், விடியற்காலையில் கடற்கரை நெடுக நடந்தோம். எதிர்காலம், ஆராய்ச்சி, இருவர் வீட்டுச் சமையல் எல்லாவற்றையும் பேசினோம். நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல் என்று நம் முன்னோர் வைத்ததை நான் மறந்துவிட்டிருந்தேன்.

ஏழாம் நாள் இரவு அவன் எனக்கு எழுதிய செய்தியொன்றை அவனுடைய கைப்பேசியில் மேசோமசாய் காண நேர்ந்தது. அன்று உணவு மேசையில் யாரும் பேசவில்லை. மீன் சரியில்லையா என்று பாட்டி மட்டும் மூன்று முறை கேட்டார். மறுநாள் பூரி ரயில் நிலையத்தில் மேசோமசாய் என்னைத் தனியே அழைத்தார். கோபத்தோடு பேசவில்லை, களைப்போடு பேசினார். "விடுமுறையில் இப்படியெல்லாம் தோன்றும். சுட்டி முடிந்தால் இதுவும் முடிந்துவிடும்" என்றார். ஊருக்கு அனுப்பச் சொல்லி மாசிமா எனக்கென்று வாங்கி வைத்திருந்த காஜா மிட்டாய்ப் பெட்டியை என் கையில் கொடுத்தார். கொடுத்த கை நடுங்கிற்று. ஆனால் கொடுக்காமல் இருக்கவில்லை.

தீபாவளியன்று என் அக்கா எங்கள் அம்மாவிடம் செய்தியைச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டுதான் சொன்னாள். அம்மா தொலைபேசியில் அழைத்து நெடுநேரம் அழுதுவிட்டுச் சொன்ன வாக்கியம் இது: "அந்த ஊருத் தண்ணி அப்படி. படிப்பு முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்ல."

ஒருவர் வங்கமொழியில் சொன்னார். ஒருவர் நெல்லைத் தமிழில் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் இருவர் சொன்னதும் ஒன்றே: இது விடுமுறையோடு வந்தது, விடுமுறையோடு போகும். அந்தக் கருத்தைத்தான் இங்கே ஆராய விரும்புகிறேன்.

விடுமுறைக்கு ஒரு மயக்கம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சத்யஜித் ராய் 1962இல் எடுத்த 'காஞ்சன்ஜங்கா' என்ற படத்தைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். தார்ஜிலிங்கில் ஒரு செல்வர் குடும்பம் விடுமுறையைக் கழிக்கிறது. அன்று கடைசி நாள். தாம் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளைக்கு மகள் இசைந்துவிடவேண்டும் என்பது தந்தையின் திட்டம். அவளோ வேலையற்ற இளைஞன் ஒருவனைச் சந்திக்கிறாள். தந்தை தருவதாகச் சொன்ன வேலையை அந்த இளைஞன் மறுத்துவிடுகிறான். கொல்கத்தாவில் இருந்திருந்தால் ஒருவேளை ஏற்றிருப்பேன், இந்த மலையின் சூழல்தான் துணிவைத் தந்தது என்கிறான். மணம் பேச வந்தவரும், ஊர் திரும்பியபின் மனம் மாறினால் சொல் என்று அவளிடம் கூறி விலகுகிறார். மலை தந்த துணிவு ஊரிலும் நிற்குமா என்பதே படம் எழுப்பும் கேள்வி. ஆனால் அந்தப் பெண் இளைஞனிடம், கொல்கத்தாவில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்கிறாள். விடுமுறையில் கண்டது நிற்குமா நில்லாதா என்று அறிய அது ஒன்றே வழி: அதை ஊருக்குக் கொண்டுவந்து பார்க்கவேண்டும்.

எங்களுக்கு மறுக்கப்படுவது அந்தச் சோதனையே. நான் தாவரவியல் படிப்பவன். ஒரு விதையை இருட்டறையில் முளைக்க வைத்தால் தண்டு வெளிறி, ஒல்லியாக நீண்டு, துவண்டு நிற்கும். முதலாண்டு மாணவனும் இதைச் செய்து பார்த்திருப்பான். வெளிறிய தண்டைக் காட்டி, விதை கெட்டது என்று எந்த ஆசிரியரும் எழுதமாட்டார். ஒளி இல்லை என்றே எழுதுவார். எங்கள் அன்புக்கு ஆண்டில் எட்டு நாள்தான் வெளிச்சம் கிடைத்தது. மற்ற நாள்களில் அதை மறைத்து வைக்கச் சொல்லிவிட்டு, பாருங்கள், இது எட்டு நாள் அன்பு என்று வீடு தீர்ப்புச் சொல்கிறது. நாள்களை அளந்து கொடுத்தது வீடு. குறைந்த நாள் வாழ்ந்தது என்ற குற்றம் மட்டும் அன்பின் மேல்.

இதை நம் தமிழ் மரபு நன்கு அறிந்திருந்தது. அகப்பாடல்கள் தலைவன் தலைவியரைப் பற்றியவை. அவற்றுள் என்னைத் தேடிக் கண்டுபிடிக்க நான் முயலவில்லை. ஆனால் மறைந்து வாழும் காதலுக்கும் குடும்பத்துக்கும் இடையே நேர்வன எல்லாவற்றுக்கும் பெயரிட்டு வைத்திருக்கும் இலக்கணம் நம்முடையது. பிறர் அறியாமல் கூடுவது களவு. வீட்டார் ஐயுற்றுப் பெண்ணைப் புறம்போகாமல் அடைத்து வைப்பது இற்செறிப்பு. காதலால் மெலிந்தவளைக் கண்டு, இது முருகு அணங்கிய நோய் என்று தாய் வேலனை அழைத்து ஆடச் செய்வது வெறியாட்டு. வீட்டைவிட்டு இருவரும் சென்றுவிடுவது உடன்போக்கு. இவற்றுக்கெல்லாம் தீர்வாக நின்றது அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உண்மையை முறையே எடுத்துச் சொல்வது அது. மறைத்ததைச் சொல்வதற்கு 'அறம்' என்ற பெயரையே முன்னோர் தந்திருப்பதைப் பாருங்கள். இறையனார் களவியல் களவுக்கு இரண்டு திங்கள் என்று எல்லையும் கட்டிற்று. களவு நீளக்கூடாது; நீண்டால் துன்பம் என்பது அவர்கள் கருத்து. எங்கள் களவுக்கோ எல்லையே இல்லை. வாழ்நாள் முழுதும் களவாகவே இரு என்பதுதான் எங்களுக்கு வீட்டார் தரும் உச்ச அளவுச் சலுகை.

அந்தப் பழைய சொற்கள் நூலகத்தில் உறங்கவில்லை. நம் காலத்திலும் நடமாடுகின்றன. என் உறவினர் ஒருவர் செய்தி கேட்டதும், நல்ல மருத்துவர் இருக்கிறார், காட்டிவிடலாம் என்றார். அதுவே வெறியாட்டு. வேலன் கையில் வேலுக்குப் பதில் மாத்திரைச் சீட்டு, வேறுபாடு அவ்வளவுதான். உலக நலவாழ்வு நிறுவனம் 1990ஆம் ஆண்டு மே 17ஆம் நாளிலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் வீட்டைவிட்டுச் சென்னைக்கு வந்து காப்புக் கேட்ட வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். இதனை மருத்துவத்தால் மாற்ற முயல்வதை அந்த ஆணை தடை செய்தது. தீர்ப்பெழுதுமுன் தாமே ஓர் உளவியல் அறிஞரிடம் அமர்ந்து இதைப் பற்றிக் கற்றுக்கொண்டவர் அந்த நீதிபதி. அப்பெண்கள் சென்றது உடன்போக்கு. பெற்றோர் தடுத்து வைத்திருந்த மற்றொரு பெண்ணை அவள் விரும்பிய துணைவியோடு செல்ல அதே நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு மே மாதம் விடுவித்தது. குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும் கூறிற்று. அப்பெண் பட்டது இற்செறிப்பு.

அறத்தொடு நிற்றலுக்குச் சான்று வேண்டுமானால் இக்கொல்கத்தாவில் தொடங்கலாம். எழுத்தாளர் விக்ரம் சேத் 1952இல் பிறந்தது இந்நகரில். அவருடைய தாய் லீலா சேத், இந்தியாவில் ஒரு மாநில உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான முதல் பெண்மணி. ஆண்களையும் விரும்பும் தம் மகனின் இயல்பை முதலில் ஏற்றுக்கொள்ளத் தமக்கும் தம் கணவருக்கும் எளிதாக இருக்கவில்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தபோது, அடுத்த மாதமே நாளிதழில் அத்தாய் கட்டுரை எழுதினார். நீதிபதியாக இருந்தவர், நீதிமன்றத்தின் தீர்ப்பு தவறு என்று தம் மகனுக்காக ஊரறியச் சொன்னார். நற்றாய் அறத்தொடு நின்றது அது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கூடி, வயதுவந்த இருவரின் இசைவுள்ள உறவு குற்றமன்று என்று தீர்த்தபோது லீலா சேத் உயிரோடு இல்லை, 2017இல் மறைந்துவிட்டார்.

இந்நகரத் தெருக்களும் அறத்தொடு நின்றதுண்டு. 1999ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் பதினைந்து பேர் கொல்கத்தாவில் நட்பு நடை ஒன்று நடந்தார்கள். தெற்காசியாவில் இத்தகைய நடைகளுள் அதுவே முதலாவது. பதினைந்து பேர் என்பது நம் விடுதியில் ஒரு சாப்பாட்டு மேசைக் கூட்டம். ரிதுபர்ணோ கோஷ் கதை எழுதி நடித்து 2011இல் திரைக்கு வந்த 'மெமரீஸ் இன் மார்ச்' என்ற படமும் இந்நகரத்துக் கதையே. மகன் விபத்தில் இறந்தபின் கொல்கத்தாவுக்கு வரும் தாய், அவன் ஓர் ஆடவரைக் காதலித்தான் என்பதை அப்போதுதான் அறிகிறாள். மகன் உயிரோடிருந்தபோது அவள் அறிந்திருந்தால் என்ற எண்ணம் படம் முடிந்த பிறகும் நம்மை விடுவதில்லை. என் அக்காவிடம் நான், நீ அம்மாவிடம் சொல் என்று கேட்டது அப்படத்தைப் பார்த்த வாரத்தில்தான்.

அம்மா இரண்டாம் முறை அழைத்தபோது அழவில்லை. ஒரு கேள்வி கேட்டார்: "வயசான காலத்துல ஒன்ன யாருய்யா பாத்துக்கிடுவா?" ஊர் என்ன சொல்லும் என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் விடை இருந்தது. இக்கேள்விக்கு நான் கொஞ்சம் நின்றுதான் விடை தேடவேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் உச்சநீதிமன்றம், சுப்ரியோ என்பவர் பெயரால் வழங்கும் வழக்கில், எங்களைப் போன்றோர்க்குத் திருமண உரிமையைச் சட்டமன்றம்தான் தரவேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே சட்டத்தின் முன் நானும் அவனும் உறவினர் அல்லர். அடுத்த ஆண்டில் நடுவண் அரசு, இத்தகைய இருவர் கூட்டாக வங்கிக் கணக்குத் தொடங்கலாம், ஒருவரையொருவர் நியமனதாரராகக் குறிக்கலாம், ஒரே குடும்ப அட்டையில் இடம்பெறலாம் என்று விளக்கம் தந்தது. இவற்றை நான் அம்மாவுக்கு வரிசையாகச் சொன்னேன். "ரேசன் கார்டுல பேரு சேக்கலாமா?" என்று திரும்பக் கேட்டார். நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அதுவே அவருக்கு நம்பிக்கை தந்தது போலும்.

அப்பா இன்னும் பேசவில்லை. அவருடைய துன்பத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. என் மாமாவின் மகளை எனக்கென்று இரு வீட்டாரும் சிறுவயதிலிருந்தே சொல்லி வைத்திருக்கிறார்கள். இவ்வாண்டு அவள் படிப்பு முடிகிறது. பொங்கலுக்குப் பேசி முடிக்கலாம் என்று மாமா சொல்லியனுப்பியிருக்கிறார். திருமணமானால் சரியாகிவிடும் என்று நினைப்போர் அந்தப் பெண்ணை ஒரு மருந்தாகவே எண்ணுகிறார்கள். அவளும் ஒரு மனிதப் பிறவி, தன்னை விரும்பும் கணவனைப் பெற அவளுக்கும் உரிமை உண்டு என்பதை எண்ணுவதில்லை. நான் இணங்கினால் களவு என்னோடு நிற்காது. அவள் வாழ்வும் களவாகிவிடும். ஆகையால் இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். மாமாவிடம் நானே நேரில் சொல்லப்போகிறேன். அக்கா உடன் வருகிறேன் என்றிருக்கிறாள். கொல்கத்தாவில் என் நண்பனும் தன் தந்தையிடம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சொல், இரு சொல் பேச முயன்றுகொண்டிருக்கிறான். மேசோமசாய் விடை சொல்வதில்லை. ஆனால் எழுந்து போவதை நிறுத்திவிட்டாராம்.

நண்பர்களே, உங்களை நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. நம் மன்றத்திலும் விடுதியிலும் என்னைப் போன்றோர் வேறு சிலரும் இருக்கக்கூடும். அவர்களுக்குப் பெற்றோர் தொலைவில் இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் நீங்கள். அகத்துறையில் உண்மையை முதலில் அறிபவள் தாய் அல்லள், தோழி. அவள் கேலி செய்யமாட்டாள், ஊரெங்கும் பரப்பமாட்டாள், உரிய நேரத்தில் உரியவரிடம் எடுத்துச் சொல்வாள். அறை நண்பன் ஒருவன் இரவில் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்ல வந்தால், விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளாதீர்கள். எழுந்து உட்கார்ந்து கேளுங்கள்.